பதினோரு ஒன்று அண்ணனின் வகுப்புத் தோழி எழுதுவது

பெருமதிப்புக்குரிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா பெரியவர்களுக்கு,

தாங்கள் தந்த தையல் பயிற்சிச் சான்றிதழோடு போன திங்கட்கிழமை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் போய் நின்றேன். கல்யாணம், குழந்தை என்று அதுவரை அது பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. சூப்பர்வைசர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓவர்லாக் மெஷினைக் காட்டி, "நூல் கோத்துக் காட்டும்மா" என்றார். லூப்பருக்கு நூல் எந்த வழியாகப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து மெஷின்காரப் பெண் வேஸ்ட் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "டெய்லர் பக்கத்துல கைமடி உதவிக்கு ஆளு வேணும், வர்றியா? அந்தப் பேப்பரை உள்ள வெய்யி, எண்ணெய் பட்டுரும்" என்றார் அவர். தங்கள் சான்றிதழ் மேல் அவருக்குத்தான் எவ்வளவு அக்கறை!

பயிற்சியில் குறை சொல்வேனா? நோட்டில் தையல் மெஷின் படம் வரைந்து பாகம் குறித்தோம். பழைய பேப்பரை மடித்து மடித்துத் தைத்தோம். இருந்த கால்மிதி மெஷின்களில் ஒன்றுக்குப் பெல்ட் கிடையாது. அதில் மிதிக்க மட்டும் பழகினோம். ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று காலையில் ஒரு டாட்டா ஏஸ் நிறைய மெஷின் வந்து இறங்கியது. சாயங்காலம் அதே வண்டியில் ஏறிப் போய்விட்டது. ஓவர்லாக்கை நான் பார்த்தது அன்றுதான். தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

என்கூடப் படித்தவர்கள் யார் யார் என்பது, 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கை பேப்பரில் வந்தபோதுதான் தெரிந்தது. திட்டத்தின் இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் சேர்ந்த 95.91 லட்சம் பேரில் 94.53 சதவீதத்தினரின் வங்கிக் கணக்குக் கட்டம் சைபராகவோ வெறுமையாகவோ இருந்ததாம். கட்டத்தை நிரப்பிய பொறுப்பானவர்களிலும் ஒருவருடைய கணக்கு எண் 11111111111. எண்ணிப் பாருங்கள், பதினோரு ஒன்று. அன்றிலிருந்து அவர்தான் எனக்கு அண்ணன்.

பதினோரு ஒன்று அண்ணன் என்னை மாதிரி இல்லை. பஸ் தவறிவிட்டது என்று தாமதமாக வந்ததில்லை, கழிவறை எங்கே என்று கேட்டதில்லை. அவருக்குப் பெல்ட் இல்லாத மெஷினே போதும். ஒரே புகைப்படத்தைப் பல மாநிலங்களில் பல பேருக்கு ஒட்டியிருந்தார்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அண்ணன் ஊர் ஊராகப் போய் உழைத்திருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

பாஸானவர்களுக்கு 500 ரூபாய் கணக்கில் போடுவதாக ஏற்பாடு இருந்தது. பாஸ்புக் ஜெராக்ஸ் கொடுத்த எனக்கு வரவில்லை. அண்ணனுக்குப் போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பயிற்சி பெற்றவர்களிடமே கேட்டுவிடலாம் என்று தணிக்கைக்காரர்கள் மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் போய்ச் சேரவே இல்லை. வந்த பதில் 171. அதில் 131 ஒரே முகவரியிலிருந்தோ, பயிற்சி நடத்தியவர்களின் முகவரியிலிருந்தோ வந்தவை. பரீட்சை எழுதியவரே பேப்பரும் திருத்திக்கொண்டால் ஃபெயிலாவது யார்?

இந்தப் பயிற்சிக்காக மில்லில் ஷிப்டை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன் ஐயா. மூன்று மாதக் கூலி போனது. தலைக்கு இவ்வளவு என்று என்னைக் காட்டித்தானே அந்த மையம் பணம் வாங்கியது? வாங்கியவரைக் கூப்பிட்டு, "இந்தப் பெண்ணுக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய்?" என்று ஒருத்தராவது கேட்டீர்களா? கம்பெனியில் அத்தனை பேர் முன்னால் நான்தானே தலைகுனிந்து நின்றேன்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். தங்கள் கருணையில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாங்கள் கேட்காமலே இரண்டொரு யோசனை சொல்கிறேன். பரீட்சை வைக்க என் சூப்பர்வைசரை அனுப்புங்கள். ஒருத்தருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. மையத்துக்குத் தரும் கடைசித் தவணையை, படித்தவர் பெயரில் ஏதாவது ஒரு கம்பெனி ஆறு மாதம் பி.எஃப். கட்டியது தெரிந்த பிறகு கொடுங்கள். அண்ணனுக்கு மட்டும் கொஞ்சம் சிரமமாக இருக்கும். நூறு நாள் வேலைக்குக் கிராம சபையில் சமூகத் தணிக்கை வைத்தார்களே, அதுபோல யார் படித்தார்கள், எவ்வளவு பணம் போனது என்று பெயரோடு எங்கள் ஊரிலும் வாசியுங்கள். அண்ணன் பெயர் வந்தால் பார்த்தவர்கள் கை தூக்கட்டும். இவ்வளவு செலவில் புது இணையதளம், நான்காம் கட்டம் என்று போனவர்களுக்கு ஒரு மைக் செட் வாடகை பெரிதா?

கடைசியாக ஒரு விண்ணப்பம். வேலை கிடைத்ததா என்று தங்கள் பக்கத்திலிருந்து போன் வரும், ஆமாம் என்று சொல்லிவிடு என்று மையத்தில் அப்போதே சொல்லி வைத்தார்கள். இப்போது தைரியமாகக் கூப்பிடலாம், கைமடி வேலையில் சேர்ந்துவிட்டேன். ராத்திரி எட்டரைக்கு மேல் கூப்பிடுங்கள். அதுவரை சூப்பர்வைசர் போனை எடுக்க விடமாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் சான்றிதழ் பெற்ற தையல் நிபுணி