புல்லும் பொருளும்: டல்லாஸ் புறநகர் முற்றம் ஒன்றின் சொல்வழக்கு

இவ்வாய்வின் களம் டெக்சாஸ் மாநிலம், டல்லாஸ் புறநகரில் என் வீட்டு முன்புறம். 40 அடிக்கு 30 அடி. தகவலாளிகள் இருவர். ஒருவர் புல்வெட்ட வருபவர். மற்றவர், ஆறு மாதம் தங்கிப்போக வந்திருக்கும் என் அம்மா.

ஆய்வைத் தூண்டியது குடியிருப்போர் சங்கத்தின் கடிதம்: 'தங்கள் புல்வெளியில் களை காணப்படுகிறது. பத்து நாளுக்குள் அகற்றுக.' எது களை என்று அதில் இல்லை. மூலநூல் சொல்லாமல் விட்டதை உரைகாரன்தான் தேட வேண்டும் என்பதால் கலைச்சொற்களைக் கற்கத் தொடங்கினேன்.

முதற்சொல் 'தாட்ச்'. அகராதி, கூரை வேயும் புல் என்கிறது. அதை நம்பி அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே செத்த தண்டும் வேரும் மெத்தைபோலப் படிவதே தாட்ச். அரை அங்குலம் வரை நல்லது. அதைத் தாண்டினால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது. வெட்டிய புல்துண்டுகளால்தான் தாட்ச் சேருகிறது என்று தெருவில் ஒரு பாடபேதம் உலவுகிறது. அது பிழை. துண்டுகளில் பெரும்பகுதி தண்ணீர், சீக்கிரமே மக்கிவிடும்.

'ஸ்கால்ப்பிங்' எளிது. ஒரு தடவைக்குப் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. மீறி ஒட்ட வெட்டுவது ஸ்கால்ப்பிங். தமிழில் மொட்டை. வேண்டுதல் இல்லாமல் அடிப்பது.

'ஏரேஷன்' அப்படியல்ல. இறுகிய மண்ணுக்குக் காற்றோட்டம் தர ஒரு இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். அது இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு மண்ணை விரல் விரலாகப் பிடுங்கிப் புல்மேலேயே துப்பிக்கொண்டு போகும். அவற்றை அள்ளக் கூடாது, தானே கரைய வேண்டும் என்பது விதி. மறுநாள் காலை காபியோடு வாசலுக்கு வந்த அம்மா, முற்றத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்ப்பா, இந்த ஊர்ல தெருநாயே இல்லைன்னியே?"

விளக்கினேன்.

"மண்புழு பண்ற வேலைக்கா வாடகை கொடுத்தே?"

இதற்கு மறுப்புரை எழுதும் அறிஞர் எவரையும் இன்னும் காணவில்லை.

உர மூட்டையின் மேல் 29-0-4 என்றிருந்தது. சேமித்து வைக்க வேண்டிய ரகசிய எண்ணோ என்று குறித்துக்கொண்டேன். இங்கும் அம்மாவே துணை. "தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. நம்ம வயலுக்குப் பதினேழு-பதினேழு காம்ப்ளக்ஸ் போடுவோமே, மறந்துட்டியா?" மூட்டையின் எடையில் நூற்றுக்கு இத்தனை பங்கு என்பதே அந்த எண்களின் பொருள். முனைவர் பட்டத்துக்குரியவர் வீட்டுக்குள் இருந்தும் இணையத்தில் தேடிய குற்றம் என்னுடையது.

'ப்ரீ-எமர்ஜென்ட்' என்பது களை முளைக்கும் முன்பே போடும் மருந்து. நண்டுப்புல்லின் விதைக்கு எதிராக, வசந்தத்தில் மண்ணின் சூடு 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் வேளையில் தூவுகிறார்கள். பிறவாதவனுக்குத் தண்டனை, நியாயமா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இனிக் களை. எங்கள் முற்றத்தில் முறைப்படி இருக்க வேண்டியது அகன்ற இலை கொண்ட செயின்ட் அகஸ்டின் புல். அதனூடே மெல்லிய தாளோடு, தரைக்கு மேலும் கீழும் தண்டோடிப் பரவியிருப்பதைச் சுட்டி, "பெர்முடா" என்றார் புல்வெட்டுபவர். பெர்முடாத் தீவு அதன் தாயகம் அன்று. அடுத்த தெருவில் இதையே மூட்டை மூட்டையாக வாங்கி விதைக்கிறார்கள். எங்கள் வரிசையில் மட்டும் அது குற்றவாளி. எனவே 'களை' ஓர் ஆகுபெயர். அதிலும் இடவாகுபெயர் என்று துணியலாம்.

தாவரவியலில் அதன் பெயர் சைனோடான் டாக்டைலான். இதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா குனிந்து ஒரு கொத்தைக் கிள்ளினார். "அருகம்புல்லுக்கு இவ்வளவு பெரிய பேரா?"

சங்கத்துக்குப் பதில் எழுதிவிட்டேன். அகற்றும் முறை: கையால், நாள்தோறும் குளித்தபின். அளவு: 21 நுனி. தற்போது இருக்குமிடம்: பூஜை அலமாரி, பிள்ளையார் தலை. நுனியை மட்டும் கிள்ளுவதால் வேர் பத்திரமாக இருக்கிறது என்பதைக் கடிதத்தில் சேர்க்கவில்லை.