கடலுக்கா, கல்லுக்கா?

அறந்தாங்கியில் பஸ் ஏறியதும் வீட்டிலிருந்து போன். பஸ்ஸில் பாட்டுச் சத்தம். மனைவிக்கு நான் சொல்வது கேட்கவில்லை என்று கத்தினேன்: “ஜெலட்டின் கெடச்சிருச்சு! ஜெலட்டின்! நாலு பாக்கெட்டு! பையிலதான் இருக்கு!”

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பேச்சுதான் நின்றுபோனது. முன்சீட்டு அம்மா என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டார். பக்கத்துப் பெரியவர் மட்டும் அசையவில்லை. குரலைத் தாழ்த்தி, “கடலுக்கா, கல்லுக்கா?” என்றார்.

குவாரிகள் உள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் ஜெலட்டின் என்றால் குச்சிதான். பாறை பிளக்க வைப்பார்கள். திருட்டுத்தனமாகக் கடலில் போட்டு மீன் கொல்பவர்களும் உண்டு. “புட்டிங் செய்யங்க” என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

1875இல் ஆல்பிரட் நோபல், நைட்ரோகிளிசரினில் நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்தார். தளதளவென்று கூழாக வந்தது. அந்தப் பதத்தைப் பார்த்து வைத்த பெயர்தான் அது. தின்னும் ஜெலட்டின் அதில் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. முதல்நாள் ராத்திரி படித்த இந்த விவரத்தைப் பெரியவரிடம் சொல்ல வாயெடுத்தேன். இவ்வளவு தெரிந்தவன் வெடிக்காரனேதான் என்று முடிவுகட்டிவிடுவார் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வினை என் வாயால் வந்தது. நோன்பு மாசம். எங்கள் வீட்டில் கஞ்சி, வடையோடு கடல்பாசியும் இல்லாமல் நோன்பு திறந்ததில்லை. சின்னவள் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, “நம்ம கடல்பாசி ஆடவே மாட்டேங்குது அத்தா” என்றாள். வாஸ்தவம்தான். கடல்பாசி வில்லை அமுக்கினால் சடக்கென்று உடையும், ஆடாது. “ஆடுறது ஜெலட்டின்மா. அது ஒரு வேலையா? நான் செஞ்சு தாரேன்” என்றேன்.

வீடு வந்ததும் மாமியார் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எதுல செய்யிறது மாப்புள?”

மாடு, பன்றி, மீன் இவற்றின் தோலிலும் எலும்பிலும் கொலாஜன் என்று ஒரு புரதம் இருக்கிறது, அதைப் பக்குவப்படுத்தி வெந்நீரில் வடித்து எடுப்பது என்று ஆரம்பித்தேன். இரண்டாவது பிராணியின் பேர் வந்ததும் பாக்கெட் கீழே விழுந்தது. இது மாட்டுத்தோல், ஹலால் முத்திரை இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் மறுபடி தொட்டார்.

“அப்ப ராத்திரி பிரிட்ஜில வச்ச ஆட்டுக்கால் பாயா காலையில கட்டியா நிக்கிதே, அது?”

“அதுவும் ஜெலட்டின்தான் மாமி.”

“அதையவா காசு குடுத்து அறந்தாங்கியில வாங்கியாந்திய?”

பதில் சொல்லாமல் அடுப்படிக்குள் புகுந்தேன். தூளை முதலில் பச்சைத்தண்ணீரில் தூவி, பத்து நிமிஷம் ஊறி உப்பியதும் மெல்லிய சூட்டில் கரைக்க வேண்டும். பாக்கெட்டிலேயே எழுதியிருந்தது, கண்ணாடி என் சட்டைப்பையில் இருந்தது. கொதிக்கிற தண்ணீரில் கொட்டினேன். மீன் கண் மாதிரி கட்டி கட்டியாக உருண்டது. டீ வடிகட்டியில் வடித்து, பாதி ஜெலட்டினை அதிலேயே விட்டுவிட்டு, மிச்சத்தில் அன்னாசிப்பழத்தைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டேன்.

அங்கேதான் கதை முடிந்தது. கறி வேகப் பப்பாளிக்காய் போடுவோமே, அதே வேலையைச் செய்யும் புரோமலைன் பச்சை அன்னாசியில் இருக்கிறது. புரதத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். ஜெலட்டினோ முழுக்கப் புரதம். பழத்தைக் கொதிக்க வைத்துப் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். போதாததற்கு நாலு மணிக்குக் கரண்ட் போனது. வாயில் வைத்ததும் கரைவதுதான் ஜெலட்டினின் பெருமை. முப்பது டிகிரி தாண்டினாலே இளகத் தொடங்கிவிடும். பங்குனியில் எங்கள் அடுப்படியும் வாய் மாதிரிதான்.

நோன்பு திறக்கும் நேரத்தில் புட்டிங்கைக் கரண்டியால் மொண்டு டம்ளரில் ஊற்றினேன். சின்னவள் டம்ளரை ஆட்டிப் பார்த்து, “ஆடுது அத்தா” என்றாள்.

“ஊரு மீனையெல்லாம் ஐஸ்ல வைக்கிற கம்பெனியில கணக்கு எழுதுறாக” என்று மனைவி சுவரிடம் சொன்னாள்.

பக்கத்தில் மாமியாரின் கடல்பாசி, பிரிட்ஜையே பார்க்காமல், தட்டில் டைமண்ட் டைமண்டாக நின்றது. அது பாசியிலிருந்து வரும் மாவுச்சத்து இனம், வெளியே அகர்அகர் என்பார்கள். ராமேசுவரம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் முங்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியில் எடுப்பது. நாற்பது டிகிரிக்குள் ஆறினால் உறைந்துவிடும்; திரும்ப உருக எண்பத்தைந்தாவது வேண்டும். அன்னாசியும் அதை ஒன்றும் செய்யாது.

மானத்தைக் காப்பாற்ற ஜெர்மனிக்கு ஓடினேன். ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் மேல்தான் கிருமி வளர்த்தார்கள். உடம்புச் சூட்டில் வைத்தால் உருகியது. சில கிருமிகள் அதையே தின்று தண்ணீராக்கின. அங்கே வேலை பார்த்த வால்ட்டர் ஹெஸ்ஸேயிடம், 1881இல் அவர் மனைவி ஃபேனி, “நான் ஜெல்லிக்குப் போடுகிற அகர்அகரைப் போட்டுப் பாருங்கள்” என்று சொல்லியிருக்கிறார். ஜாவாவில் இருந்துவந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த பக்குவம். இன்றும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் கிருமி வளர்வது அதன்மேல்தான். காசநோய்க் கிருமி பற்றி 1882இல் எழுதிய கோக், அகரைக் குறிப்பிட்டார், ஃபேனியைக் குறிப்பிடவில்லை.

“பெரிய டாக்டருக்கே இந்தக் கதியா இருந்திருக்கு மாமி” என்றேன்.

“அவரு பொண்டாட்டிக்கிட்ட கேட்டாருல்ல” என்று மாமியார் இன்னொரு வில்லையை எடுத்தார்.

மீதி மூன்று பாக்கெட் பரணில் கிடக்கிறது. சின்னவள் தெருவில் சொல்லிவிட்டாள் போல. மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு வரும்போது, தெருமுனைப் படகுச் சம்மாட்டி தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

“மச்சான், ஒங்க வீட்டுல ஜெலட்டின் இருக்காமுல்ல?”