மெயின்டனன்ஸ் அண்ணன்

ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் இப்படி ஓர் அண்ணன் இருப்பார். உங்கள் வீட்டு மிக்ஸி மக்கர் பண்ணுவது உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். கைலி மடிப்பில் இன்சுலேஷன் டேப். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நோயைச் சொல்லிவிடுவார்: “லூஸ் கனெக்‌ஷன்.” மிக்ஸிக்கும் அதுதான், மாமியாருக்கு வரும் தலைசுற்றலுக்கும் அதுதான்.

வடசென்னையில் இவர்கள் இப்படி விளைவதற்குக் காரணம் உண்டு. துறைமுகமே 1881இல் கட்டி முடிகிற தறுவாயில் புயல் வந்து உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். பழுது பார்ப்பதுதான் இந்த மண்ணின் பிறவிப்பயன் என்று அன்றைக்கே எழுதியாயிற்று. அப்புறம் எண்ணூரில் மோட்டார் கம்பெனி, திருவொற்றியூரில் புல்லட், 1970இல் அனல்மின் நிலையம் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட். அங்கே முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவருக்கு மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் முதல் வேலையாக அந்தக் கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கிறார்.

எங்கள் தெரு அண்ணன் இப்போது கழற்றிக்கொண்டிருப்பது கேமரா.

டீக்கடையில் ஆரம்பித்தது அது. எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி நிற்கிற வரிசை இருக்கிறதே, அது நாலு மணி நேரம் நிற்கிறது என்றார் ஒருவர். நாள் பூரா நிற்கிறது என்றார் இன்னொருவர். கிளாஸ் உடைகிற கட்டத்தில் அண்ணன் எழுந்தார். “வாய்ப்பேச்சு எதுக்கு? ரீடிங் எடுத்துட்டா முடிஞ்சிச்சு.”

மருமகன் விட்டுப்போன பழைய கேமரா மொட்டைமாடியில் ஏறியது. அதன் தலைக்கு மேல் எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த கூரை. பக்கத்தில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கிய ராஸ்ப்பெர்ரி பை, அதாவது சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கும்படி கேமராவுக்கு உத்தரவு போட பைத்தான் ஸ்க்ரிப்ட். எஞ்சினீயரிங் படிக்கும் அக்கா மகளிடம் ரெண்டே ஞாயிற்றுக்கிழமையில் அதைக் கற்றுக்கொண்டார். “வயசான காலத்துல மலைப்பாம்ப வச்சிக்கிட்டு என்னா வேல?” என்றார் அண்ணி. அந்தப் பெயர் பாம்பிலிருந்து வந்ததில்லை, மான்டி பைத்தான் என்கிற பிரிட்டிஷ் காமெடிக் கோஷ்டியிலிருந்து வந்தது என்று நான் விளக்கினேன். “அப்ப சரி, இந்த மனுஷனுக்குப் பொருத்தம்தான்” என்று உள்ளே போய்விட்டார்.

காலை எட்டு முதல் மாலை நாலு வரை படம். ராத்திரியில் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். “ஜெனரல் ஷிப்ட் தம்பி. நைட்டுக்கு ஓவர்டைம் யாரு குடுப்பா?” ஒரு நாளைக்கு 96 படமா என்றேன். “97. எட்டு மணிக்கு ஒண்ணு இருக்கில்ல?” இந்த ஒன்றில் கோட்டைவிட்ட புரோகிராமர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அண்ணன் விடமாட்டார், வேலிக்கால் நட்ட கை.

முதல் நாளே கேமராவைப் பிடிக்க முடியவில்லை என்று ஸ்க்ரிப்ட் கைவிரித்தது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவர் பேரன் பிறந்தபோதுகூட நான் பார்க்கவில்லை. மூன்று நாள் தோண்டிக் கண்டுபிடித்தார். கேமராவைச் செருகியதும் அதிலுள்ள படங்களைக் காட்டுகிறேன் பேர்வழி என்று அந்தக் கம்ப்யூட்டரே முந்திக்கொண்டு பிடித்துவைத்துக்கொள்கிறது. நாம் பேசிவைத்த ஆட்டோ வருவதற்குள் ஸ்டேஷன் வாசலில் வேறொருவர் நம் பையைத் தூக்கித் தன் வண்டியில் வைத்துவிடுகிற மாதிரி. அந்த ஆளை முதலில் விரட்டிவிட்டுக் கேமராவைக் கூப்பிடும்படி எழுதினார்.

அடுத்து, கேமரா ரெண்டு நிமிஷம் சும்மா இருந்தால் தானாகத் தூங்கியது. “யூனியன்ல சேந்துடுச்சி” என்று மெனுவைத் துழாவி அந்தத் தூக்கத்தைக் கெடுத்தார். புகைமூட்டமான காலைகளில் லென்ஸ் எதைப் பார்ப்பதென்று தெரியாமல் முன்னும் பின்னும் துழாவி, கடைசியில் ஷட்டரை விடவே மறுத்தது. ஃபோகஸைக் கையால் வைத்து, வளையத்தின் மேல் டேப்பை ஒட்டினார். ஒருநாள் ஸ்க்ரிப்டில் ஒரு வரியின் முன்னால் நாலு ஸ்பேஸுக்குப் பதில் கீபோர்டின் டேப் கீயைத் தட்டிவிட்டார். ரெண்டும் பார்வைக்கு ஒரே வெற்றிடம்தான்; பைத்தானுக்கு அது ஜென்மப் பகை. கண்ணுக்கே தெரியாத பழுது! அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மூன்று நாள் லாக்கை, அதாவது ஸ்க்ரிப்ட் எழுதும் பதிவேட்டை, காட்டினார். வரிக்கு வரி ‘ஓகே’, ‘ஓகே’, ‘ஓகே’. படங்களையும் காட்டினார். 291 படம், அத்தனையிலும் லாரிகள் அசையவில்லை. அதே சிவப்பு டிரெய்லர், அதே நீலக் கண்டெய்னர். டீக்கடையில் சங்கை ஊதிவிட்டார்கள்: நாலு மணி நேரமாவது, நாள் பூராவாவது, மூணு நாளாக ஒரு இஞ்ச் நகரவில்லை, சாட்சி இதோ. எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கேமரா நின்றுவிட்டதா, ரோடு நின்றுவிட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாத சாலை உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா தெரியவில்லை.

சந்தேகம் அண்ணிக்குத்தான் வந்தது. படத்தின் ஓரத்தில் கொடியில் ஒரு நைட்டி தொங்கியது.

“இது செவ்வாக்கிழமையே எடுத்து மடிச்சி வச்சிட்டனே. வியாழக்கிழமை எப்பிடி காயுது?”

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்க்ரிப்டில் இறங்கினார். முதல் வாரத் தொல்லையில், படம் எடுக்கும் வரியில் எந்தத் தப்பு வந்தாலும் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று ரெண்டு வரி சேர்த்திருந்தார். எக்ஸெப்ட், பாஸ். அதற்குக் கீழே, கையிலிருக்கும் படத்தை இப்போதைய நேரத்தைப் பெயராக வைத்துச் சேமி, லாக்கில் ‘ஓகே’ எழுது என்று இருந்தது. அது சொன்னபடி செய்திருக்கிறது. புதுப் படம் வரவில்லை. கையிலிருந்த பழைய படத்துக்கே 291 பெயர் சூட்டி, 291 ‘ஓகே’ போட்டிருக்கிறது.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “நைட் ஷிப்ட்ல நாங்களும் இப்பிடித்தான் தம்பி. மணிக்கொருக்கா ரீடிங் எழுதணும். பத்து மணிக்கே ஆறு மணி வரைக்கும் ‘நார்மல்’னு எழுதிட்டுப் படுத்துடுவோம்.”

2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் நள்ளிரவில் அமோனியா கசிந்து, ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். அண்ணன் அதைச் சொன்னதும், அந்த ராத்திரிகளில் ஆலைகளின் லாக்புக்குகளில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் கேட்கவில்லை.

அந்த ரெண்டு வரியை அழித்து ஓட்டினார். அடக்கிவைத்திருந்த தப்பு சிவப்பு எழுத்தில் கொட்டியது: கேமராவையே காணோம். மாடிக்கு ஓடினோம். கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால், கடல்காற்றில் உப்பு பூத்து யூஎஸ்பி முனை பச்சையேறிக் கிடந்தது. அண்ணன் அதை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். குரல் தழுதழுத்தது.

“லூஸ் கனெக்‌ஷன்!”

முனையைத் தேய்த்து, வேறு கேபிள் போட்டு, பிளாஸ்டிக் கவர் சுற்றினார். அன்றிலிருந்து ஒரு குறையும் இல்லை. தினமும் 97 படம். லாரிகள் உண்மையில் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று மட்டும் இன்றுவரை யாரும் எண்ணவில்லை, அவரும் எண்ணவில்லை. ஒரு வாரத்தில் ஆளே இளைத்துவிட்டார். சாயங்காலங்களில் திண்ணையில் உட்கார்ந்து, போகிற வருகிற பைக்குகளின் எஞ்சினை ஏக்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

நேற்று நான் கேட்டைத் திறக்கும்போது கூப்பிட்டார்.

“தம்பி, உங்க வூட்டுத் தண்ணி மோட்டாரு...”

“நல்லாத்தான் ஓடுது அண்ணே.”

“அதான் கேக்கறேன்” என்று எழுந்து வந்தார். டெஸ்டர் ஏற்கெனவே கையில் இருந்தது.