விலா எலும்பும் விருதுதான்

கேள்வி: கடற்கரைச் சாலையில் செல்ஃபி எடுத்துப் போட்டால்கூட, 'கொஞ்சம் சதை போடக்கூடாதா?' என்கிறார்கள். சிலையென்றாலும் கட்டழகிகள்தான். ஒட்டி உலர்ந்த உடம்புக்காரிக்கு யாராவது சிலை வடித்ததுண்டா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: உண்டு, உங்கள் யூனியன் பிரதேசத்துக்காரருக்கே! அழகை உதறிவிட்டுச் சிவனிடம் பேயுருவம் கேட்டு வாங்கியவர் காரைக்கால் அம்மையார். சோழர் காலச் சிற்பிகளும் சலுகை காட்டவில்லை: எண்ணிவிடக்கூடிய விலா எலும்பு, வற்றிய மார்பு, கையில் தாளம், முகத்தில் அலாதிச் சிரிப்பு. கங்கைகொண்ட சோழபுரத்தில் நடராசர் காலடியில் இருக்கிறார். செப்புத் திருமேனி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் வரை போயிருக்கிறது. அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, இவர் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். ஆனாலும் ஊர் விடுமா? ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் அவரைப் பட்டுடுத்தி மணப்பெண்ணாக்கி, திருக்கல்யாணத்தை முடித்துவிட்டுத்தான் மறுவேலை!