அரைப்பெயர் ஆட்டம்

நுவரெலியா நகரத்தின் நடுவில், 1889இல் ஸ்கொட்லாந்துப் படைவீரர்கள் தொடக்கிவைத்த கொல்ஃப் மைதானம் பதினெட்டுக் குழிகளோடு இன்றும் பச்சையாகக் கிடக்கிறது. ஆடுகிறவர்கள் மாறினாலும் புலம்பல் மாறியதாகத் தெரியவில்லை: நேற்று கையில் இருந்த அடி இன்று எங்கே போயிற்று? அதற்கு உலகம் முழுக்க வைத்தியம் சொல்கிறார்கள். பிடியை மாற்று, முழங்காலை மடக்கு, தலையை அசைக்காதே, எதுவும் சரிவராவிட்டால் புது மட்டை வாங்கு. கடைசி வைத்தியத்தால் கடைக்காரர் மட்டும் நிச்சயமாகக் குணமடைகிறார். என் எண்ணம் வேறு. கோளாறு மணிக்கட்டில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அடி ஒரே சீராக வராததற்குக் காரணம், வராவிட்டால் ஒன்றும் குறையாது என்பதுதான்.

சாட்சிக்குத் தொலைதூரம் போகவேண்டாம். ஊர் எல்லையைத் தாண்டினால் தேயிலை மலை. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குப் பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு கொழுந்துக்கு ஒரு கிராம் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் பதினெட்டாயிரம் கொழுந்து. ஒரு பிடியில் மூன்று சேர்ந்து வந்தால்கூட ஆறாயிரம் தடவை அதே கையசைவு. இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் வரவேண்டும், முற்றல் வரக்கூடாது. காலடியில் சரிவு, முதுகில் கூடை, சுற்றிலும் பனிமூட்டம். அளவு குறைந்தால் கணக்குப்பிள்ளையின் புத்தகத்தில் அரைப்பெயர் விழும், அதாவது அரைநாள் சம்பளம். இப்போது மைதானத்தைப் பாருங்கள். அங்கே குறைந்தவருக்கு ஹேண்டிகேப் என்று ஒரு சலுகை. எவ்வளவு மோசமாக ஆடுகிறாரோ அவ்வளவு அடிகளைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். 2020இல் வந்த உலகப் பொதுமுறைப்படி 54 வரை கழிக்கலாம், குழிக்கு மூன்று! இதே தயவைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுபோனால், பத்துக் கிலோ கொண்டுவந்தவளிடம் கணக்குப்பிள்ளை புன்னகைத்து, “பரவாயில்லை தங்கச்சி, உன் ஹேண்டிகேப் எட்டு, முழுப்பெயர் போட்டாச்சு” என்று சொல்லவேண்டும். மடுவத்திலும் கழிவு உண்டுதான். சாக்கின் எடைக்கு, இலையில் நின்ற ஈரத்துக்கு என்று கழிப்பார்கள். ஆனால் அது எடுத்தவளின் கொழுந்திலிருந்து கழிவது.

விரலால் கிள்ளுவதும் உடம்பையே முறுக்கி வீசுவதும் ஒன்றா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 200 மீட்டர் போகிற பந்து புறப்படும்போது ஒரேயொரு பாகை விலகினால் விழுமிடத்தில் மூன்றரை மீட்டர் தள்ளிப்போயிருக்கும். கொழுந்துக்கு அந்த ஆபத்தில்லை. ஆனால் இந்தக் கணக்கு என் பக்கமே பேசுகிறது. அசைவு பெருகப் பெருகப் பிழையும் பெருகும் என்றால் அசைவைக் குறைப்பதுதானே வழி? கொழுந்தெடுப்பவள் எட்டாத கிளைக்குப் பாய்வதில்லை, ஓரடி நகர்ந்து நின்றுகொண்டு எடுக்கிறாள். பந்து பாதத்தைவிட மேட்டில் கிடந்தால், வலக்கைக்காரர் அடிப்பது இடப்பக்கமாக ஓடும். மட்டையைச் சற்றுக் கீழே பிடித்து, வீச்சை முக்காலாக்கி, நிலை குலையாமல் அடி என்றுதான் பயிற்சியாளர்களும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யார் கேட்கிறார்கள்? முக்கால் வீச்சில் பந்து குழியை நெருங்கும், ஆனால் பார்க்கிறவர்கள் ‘ஆ’ என்று சொல்லமாட்டார்கள். அந்த ‘ஆ’வுக்காகத்தான் பாதி அடிகள் புதருக்குள் போகின்றன.

பொழுதுபோக்க வருகிறவரை ஏன் வருத்தவேண்டும், ஹேண்டிகேப் இல்லாவிட்டால் மட்டமான ஆட்டக்காரரும் தேர்ந்தவரும் சேர்ந்து ஆடவே முடியாதே என்பது இன்னொரு வாதம். சரி, ஆடட்டும். மகிழ்ச்சிக்கு ஆடுகிறவர் மகிழ்ச்சியாக ஆடலாம். ஆனால் சீரான அடி வரவில்லை என்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. சீர் வேண்டுமென்றால் அதற்கு விலையுண்டு. தங்கராஜா, பிரபாகரன் போன்ற இலங்கைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இந்தியச் சுற்றில் ஆடும்போது அவர்களுக்கு யாரும் அடிகளைக் கழித்துக் கொடுப்பதில்லை. வழக்கமான நான்கு நாள் போட்டியில் முதல் இரண்டு நாள், அதாவது 36 குழிகள் முடிந்ததும் ஒரு கோடு கிழிப்பார்கள். கோட்டுக்குக் கீழே போனவருக்குப் பரிசுப் பணத்தில் பங்கில்லை. அரைப்பெயர்கூட இல்லை, பெயரே இல்லை! அவர்களுடைய வீச்சு ஏன் ஒரே வார்ப்பில் வருகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய ரகசியத்தை எந்தப் பயிற்சிப் புத்தகமும் வைத்திருக்காது.

ஆகவே பதினெட்டாம் குழிக்குப் பக்கத்தில் ஒரு மடுவம் கட்டலாம். ஒரு மேசை, ஒரு பெயர்ப் புத்தகம், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்ட ஒரு கணக்குப்பிள்ளை போதும். குறித்த அடிக்குள் முடித்தவருக்கு முழுப்பெயர், மற்றவருக்கு அரைப்பெயர். அரைப்பெயர்க்காரருக்குக் கிளப்பில் தேநீர் அரைக்கோப்பை. கழிவும் பிடிக்கவேண்டும். ஆறாயிரம் அடிக்கு மேலான உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கொழும்பில் போவதைவிடப் பந்து இங்கே கூடுதல் தூரம் பறக்கும். அந்தக் கூடுதல் தூரம் துரையின் கைவண்ணம் இல்லை, மலையுடையது. சாக்கு எடையைக் கழிப்பதுபோல அதையும் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதலாம்.