முன்கைக்கு வந்த உதட்டுச்சாயம்

உதட்டுச்சாயம் இன்ஸ்டாகிராமில் உதட்டுக்கு வருவதற்கு முன் முன்கைக்கு வருகிறது. உட்புறத் தோலில் நான்கைந்து கோடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறப்பெயர். இதற்கு ஸ்வாட்ச் என்று பெயர். ஏற்பாட்டில் நியாயம் உண்டு. ஒரு வாயில் ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான் பூச முடியும். கையிலோ கடைச் சரக்கு முழுவதையும் பரப்பலாம். தவிர, கை சிரிக்காது, நடுவில் காபி கேட்காது. வாங்குபவர் மட்டும் பழைய வழக்கப்படி அதை உதட்டில் பூசிக்கொண்டு, படத்தில் பார்த்த நிறம் எங்கே போனது என்று தேடுகிறார். உட்கை வெளுப்பு என்பதையும் உதட்டுக்குச் சொந்தமாக ஒரு நிறம் உண்டு என்பதையும் படத்தின் கீழ் யாரும் எழுதுவதில்லை.

கிரீம் இதைவிடச் சிக்கலான சரக்கு. தடவியதும் மறைவதே அதன் தர்மம். மறைந்ததைப் படமெடுக்க வழியில்லை. ஆகவே அதைக் கண்ணாடிப் பலகையில் தீற்றி, பக்கவாட்டு வெளிச்சத்தில் பளபளக்க வைக்கிறார்கள். சீரம் என்றால் சொட்டுக்குழாயின் நுனியில் விழப்போகும் ஒரு துளி. முகத்தைக் காட்டியே ஆகவேண்டும் என்ற நெருக்கடி வந்தால் ரிங் லைட் இருக்கிறது. லென்ஸைச் சுற்றி நாலாபுறமும் ஒளி வருவதால் முகத்தில் நிழல் விழாது. நிழல் இல்லையென்றால் சுருக்கம் மங்கிவிடும். கிரீமின் வேலையில் பாதியை விளக்கே முடித்துவிடுகிறது. கண்ணின் கருமணியில் தெரியும் வெள்ளை வளையம்தான் அதற்கு ஒரே சாட்சி.

இந்த வித்தையை முழு வியாபாரமாக்கியது நியூயார்க்கின் க்ளாஸியே என்ற அழகுப் பொருள் நிறுவனம். அதை நிறுவிய எமிலி வைஸ் வோக் இதழில் உதவியாளராக இருந்தபோது, 2010இல் ‘இன்டு தி க்ளாஸ்’ என்ற வலைப்பதிவைத் தொடங்கினார். பிறருடைய குளியலறை அலமாரியில் என்னென்ன இருக்கிறது என்று விசாரித்து எழுதும் பகுதி அதில் பிரபலம். அடுத்த வீட்டு அலமாரியை எட்டிப் பார்க்கும் ஆசை நம் தெருவுக்கு மட்டும் உரியதல்ல. அந்த வாசகர் கூட்டத்தை நம்பி 2014இல் நான்கே பொருள்களுடன் க்ளாஸியே கடை விரித்தது. பூசியது தெரியாத முகமே அதன் இலட்சியம். எதுவும் பூசாதது போல் தெரிவதற்குப் புருவத்துக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, உதட்டுக்கு ஒன்று எனப் பல டப்பாக்கள் வேண்டியிருந்தன.

டப்பாவைவிடப் புகழ்பெற்றது, அது வந்து சேர்ந்த குமிழ்த்தாள் பை: இளஞ்சிவப்பு, கூடவே ஒரு தாள் ஸ்டிக்கர். வாங்கியவர்கள் கிரீமைத் திறக்கும் முன்பே பையைப் படமெடுத்தார்கள். நிறுவனம் அவற்றில் நல்லவற்றைப் பொறுக்கித் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டது. மாடலுக்கு நிறுவனம் பணம் தருவது பழைய முறை. மாடலே பணம் கொடுத்துப் பொருளை வாங்கி, ஜன்னலோரம் நின்று படமெடுத்து, நட்பு வட்டத்துக்கும் சிபாரிசு செய்வது புதிய முறை. முகம் கழுவும் பொருள் எப்படி இருக்கவேண்டும் என்று வாசகர்களிடமே கேட்டு, அதைச் செய்து அவர்களிடமே விற்றதும் உண்டு. 2019இல் நிறுவனத்தின் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் 2023இல் அதன் சரக்கு செஃபோரா கடைகளின் அலமாரிக்கும் போய்ச் சேர்ந்தது. படத்தில் பார்த்ததைத் தொட்டும் பார்க்க ஆட்கள் விரும்புகிறார்கள்.

இதற்கிடையே 2017இல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 40 நிறங்களில் ஃபவுண்டேஷனைக் கொண்டுவந்தது. வெளுத்த ஒரே கையை வைத்து ஸ்வாட்ச் காட்டிய காலம் அத்தோடு சங்கடத்துக்கு உள்ளானது. பல நிறக் கைகள் தேவைப்பட்டன. அழகுத் துறை இதைப் புரட்சி என்று வியந்தது. மனிதத் தோல் அதற்கு முன்பும் பல நிறங்களில்தான் இருந்தது.

முகத்தைத் திரையிலேயே மெருகேற்றும் ஃபில்டரும் வந்தது. கிரீமுக்கு வேலையே இல்லாமல் போனது. ஒரு பொருளின் பலனை மிகைப்படுத்தும் ஃபில்டரை அதே பொருளின் விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2021இல் சொல்லவேண்டியிருந்தது. அதே ஆண்டு இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலும் இன்ஃப்ளூயன்சர்களுக்கு விதி வகுத்தது. பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பதிவிட்டால் அது விளம்பரம் என்று குறிப்பிடவேண்டும். ஹேஷ்டேக் குவியலுக்குள் அதைப் புதைக்கக் கூடாது. 15 விநாடி வீடியோவில் அந்தக் குறிப்பு குறைந்தது 3 விநாடியாவது திரையில் நிற்கவேண்டும். முகம் கழுவி, கிரீம் பூசி, பளபளத்து, தள்ளுபடிக் குறியீட்டையும் சொல்லி முடிக்கிற அந்த 15 விநாடிக்குள் குறிப்புக்கு எந்த மூலை கிடைக்கும் என்பது எடிட்டரின் கைத்திறமை.