ரொட்டர்டாமில் ஆங்கில வாத்தியார்

ஒல்லாந்தர் எங்கள் அனலைதீவுக்கு வைத்த பெயர் ரொட்டர்டாம். காரைதீவு ஆம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். ஆகவே, ‘ரொட்டர்டாமில் ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறேன்’ என்று கனடாச் சொந்தங்களுக்குச் சொன்னால் அது பொய்யில்லை. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு படகேறுவதை மட்டும் சொல்வதில்லை.

போன கிழமை வேர்ட்ஸ்வேத்தின் டஃபடில் பூ. படம் காட்டினேன். புகையிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி கூர்ந்து பார்த்தாள்.

“சேர், இது என்ன விலை போகும்?”

நாற்பது வருட விமர்சன நூல்களில் இப்படியொரு கேள்வியை நான் கண்டதில்லை. பதில் தேடுவதற்குள் கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல்: “சேர், காத்துத் தூக்குது. படகு வெளிக்கிடப் போகுது.” கவிதை பாதியில் நின்றது.

எனக்கு இதில் வருத்தமில்லை. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கி ஆங்கிலத்தை அள்ளிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் வேதத்துக்கு வரவில்லை, உத்தியோகத்துக்குப் போனார்கள். வெறுத்துப்போய் 1855இல் இழுத்து மூடினார்கள். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையோ சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவராகி, கடைசியில் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஆங்கிலம் படிப்பித்துக் கண்ட பலன் தமிழ்!

என் வகுப்பில் அந்த ஆபத்து இல்லை. படகில் பக்கத்தில் வந்திருந்த பெடியன் காதோடு கேட்டான்: “சேர், ஐஈஎல்ரிஎஸ் வகுப்பும் எடுப்பியளோ?”